“வண்டியில ஒண்ணுமில்ல சார்!”

கார் வைத்திருப்பவர் புகாரோடு சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே மூன்று வாக்கியங்கள் தயாராகக் காத்திருக்கும். “செக் பண்ணிட்டோம், வண்டியில ஒண்ணுமில்ல சார்.” “இந்த மாடலே அப்படித்தான் சார்.” “ஓட்ட ஓட்டச் சரியாயிடும் சார்.” போனவர் தலை நரைத்தவராக இருந்தால் நான்காவதாக ஒன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பார்வையிலேயே தெரிந்துவிடும்: “பெரியவருக்கு வயசாயிடுச்சு.”

இந்த நான்கும் தவறு என்பது என் கட்சி. சொல்கிறவர்கள் எல்லாரும் தெரிந்தே பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விசாரிக்காமலே கொடுக்கும் தீர்ப்பு என்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். “மேல்நடவடிக்கை தேவையில்லை” என்று எழுதிக் கட்டிவைத்த கோப்புகளுக்குள் எத்தனை பேருடைய நியாயம் மூச்சுமுட்டிக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். சர்வீஸ் சென்டரின் “ஒண்ணுமில்ல சார்” அந்த வாக்கியத்தின் தம்பிதான். வித்தியாசம் ஒன்றே: கோப்பில் முடங்கியது பென்ஷனோ பட்டாவோ. இங்கே முடங்குவது பிரேக்.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாக்கியம்: “ஒண்ணுமில்ல.”

லாஸ்பேட்டையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியை வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காகவே எழுபத்து மூன்று வயதிலும் கார் ஓட்டுகிறவர். சிக்னலில் நிற்கும்போது பிரேக் பெடல் காலடியில் மெல்ல இறங்குகிறது என்று அவர் சொன்னார். மிதித்தால் பிடிக்கிறது, மிதித்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது. ராஜீவ் காந்தி சதுக்கத்து சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும், வண்டி முன்னால் நிற்பவரின் ஸ்கூட்டரை நோக்கி நகரும்.

மூன்று முறை சர்வீஸுக்கு விட்டார். மூன்று முறையும் ஒரு பையன் ஏறி, வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, சடக்கென்று மிதித்துப் பார்த்துவிட்டு, “சூப்பராப் பிடிக்குது அங்கிள்” என்று இறங்கினான். மூன்றாம் முறை மேலாளரே வந்தார். “அங்கிள், வீட்ல வேற யாராச்சும் ஓட்டறவங்க இருக்காங்களா?” என்று அன்பாகக் கேட்டார். அன்று ராத்திரியே பாரிஸிலிருந்து மகன் போன் செய்து, “அப்பா, போதும்பா, இனிமே நீங்க ஓட்டவேணாம்” என்றான். நண்பர் சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்துபோன மனைவியை ஆறு வாரம் ஆட்டோவில் ஏற்றி இறக்கினார்.

முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன மெக்கானிக் ஷெட்டில் ஒரு பாய் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் ஓட்டிப் பார்க்கவேயில்லை. என்ஜினை ஆன் செய்து, பெடலை மிதித்து, காலை எடுக்காமல் இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பெடல் இறங்கியது. “ஐயா சொன்னதுதான் சரி. மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ரப்பர் தேஞ்சுபோச்சு” என்றார். சடக்கென்று மிதித்தால் அந்த ரப்பர் விரிந்து அழுத்தத்தைத் தாங்கிவிடுமாம். மெதுவாக, நீண்ட நேரம் மிதித்தால்தான் பிரேக் ஆயில் ரப்பரைத் தாண்டிக் கசிந்து பெடலை இறக்கிவிடுமாம். புகார் நீண்ட நேரம் மிதிப்பதைப் பற்றி. பரிசோதனை சடக்கென்று மிதித்து. பிறகு எப்படிக் குறை தெரியும்?

நோயாளி ராத்திரி இருமுகிறார் என்றால் பகலில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இருமல் இல்லை என்று டாக்டர் எழுதுவாரா? வண்டியில் பல கோளாறுகள் விட்டுவிட்டுத்தான் வரும். சூடானால் வரும், மழையில் வரும், முழு லோடில் வரும், திருப்பத்தில் வரும். அந்த நேரத்தில் வண்டியில் இருப்பவர் உரிமையாளர் ஒருவர்தான். அவர் சொல்வது சாட்சியம். சாட்சியை விசாரிக்காமல் வழக்கைத் தள்ளுபடி செய்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் கவனித்தேன். நண்பரின் மூன்று ஜாப் கார்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். பழைய எழுத்தர் புத்தி. மூன்றிலும் வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் “பிரேக் செக்” என்று மட்டும் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது, மிதித்துக்கொண்டே இருந்தால், பெடல் இறங்குகிறது என்பது எங்கேயும் இல்லை. அதாவது நிறுவனத்தின் பதிவேட்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு புகார் பிறக்கவேயில்லை. ஆனால் அதே ஜாப் கார்டுகளில் ஏசி கிருமிநீக்கம், என்ஜின் ஃப்ளஷ், அடிப்பாகத்துக்குக் கோட்டிங் எல்லாம் பரிந்துரையாக வரிசையாக இருந்தன. நாம் கேட்காத குறையைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறவர்களுக்கு, மூன்று முறை சொன்ன குறை மட்டும் கண்ணில் படாது!

வண்டியில் ஏறிய அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. நாளைக்கு இத்தனை வண்டி, இத்தனை ரூபாய் பில் என்று அவன் தலைமேல் கணக்கு நிற்கிறது. கோபம் அந்தக் கணக்கைப் போட்டவர்கள்மேல்.

இரண்டாவது வாக்கியம்: “இந்த மாடலே அப்படித்தான்.”

இதைக் கேட்டு நம்மவர்கள் சமாதானமாகித் திரும்பி வருவதைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இது சமாதானமா? இது ஒப்புதல் வாக்குமூலம்! ஒரு வண்டியில் மட்டும் இருந்தால் அது அந்த வண்டியின் பழுது. எல்லா வண்டியிலும் இருந்தால் அது வரைபடத்திலேயே இருக்கும் குற்றம். “எல்லாருக்கும் அப்படித்தான்” என்று ஒருவர் சொன்ன மறுநிமிஷமே நாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அப்படியா, அதை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்கவேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சில கார்களில் சாவி போடும் இக்னிஷன் ஸ்விட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ, குண்டு குழியில் குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் வண்டி அணைந்துவிடும். உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். நிறுவனத்துக்குள் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளரின் வசதி பற்றிய பிரச்சினை என்று வகைப்படுத்தினார்கள். வண்டி அணைந்தால் பவர் ஸ்டியரிங் இல்லை, ஏர்பேகுக்கு மின்சாரமும் இல்லை. மோதும்போது பை விரியவில்லை. 2014-இல்தான் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், உலகம் முழுவதும் சுமார் 26 லட்சம் வண்டிகள். நிறுவனமே ஏற்படுத்திய இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அந்தக் கதையில் ஒரு எழுத்தரின் ரத்தத்தைக் கொதிக்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 2006 வாக்கில் அந்த ஸ்விட்சை உறுதியாக மாற்றி அமைத்தார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழைய எண்ணிலேயே புதிய பொருள். விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குப் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் வருஷக்கணக்கில் குழம்ப நேர்ந்தது. பொருளை மாற்றி எண்ணை மாற்றாமல் விடுவது எங்கள் அலுவலகத்தில் நடந்திருந்தால் கடைநிலை எழுத்தருக்குக்கூட மெமோ வந்திருக்கும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மோதவைத்துப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்தும் வாங்கியது பூஜ்ஜியம் நட்சத்திரம். அவற்றை வாங்கிய நம் போன்ற குடும்பங்கள் அதுவரை மைலேஜையும் மறுவிற்பனை விலையையும்தான் பேசிக்கொண்டிருந்தோம். முட்டினால் என்ன ஆகும் என்று ஷோரூமில் கேட்டவர் யார்? “மாடலே அப்படித்தான்” என்று அன்றைக்கு எவரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய இடம் அதுவாக இருந்தும்! பிறகுதான் ஒவ்வொன்றாக விதிகள் வந்தன. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019-இல். பாரத் என்கேப் என்று நமக்கே ஒரு சோதனைத் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் அது கட்டாயமில்லை. நிறுவனம் விரும்பினால் வண்டியைக் கொண்டுவரலாம். தவிர, மோதவைப்பது புத்தம் புதிய வண்டியை. எட்டாம் வருஷம் அந்த வண்டி என்ன கதியில் இருக்கும் என்று எந்த நட்சத்திரமும் சொல்லாது.

மூன்றாவது வாக்கியம்: “ஓட்ட ஓட்டச் சரியாயிடும்.”

மனித உடம்பில் காயம் தானாக ஆறும். இரும்புக்கும் ரப்பருக்கும் அந்தக் கருணையை ஆண்டவன் வைக்கவில்லை. தேய்ந்தது மேலும் தேயும், கசிவது மேலும் கசியும்.

அதிலும் நம்முடையது கடலோர ஊர். உப்புக் காற்றில் வீட்டு ஜன்னல் கம்பியே உதிர்கிறது. வண்டியின் அடிப்பாகம் எம்மாத்திரம்? பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 என்ற வகையை எடுத்துக்கொண்டால், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இறக்கமான பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் அது கொதித்துக் குமிழி கட்டும். மிதித்த பெடல் பஞ்சுபோல் போகும். ஏற்காடோ ஏலகிரியோ போய்ப் பாதி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்பவரை, ஓட்டத் தெரியாதவர் என்று சிரிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காலம் எப்படிக் கொல்லும் என்பதற்கு ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேகைவிடப் பெரிய உதாரணம் இல்லை. பையை ஊதவைக்க அவர்கள் பயன்படுத்தியது அம்மோனியம் நைட்ரேட். வெப்பமும் ஈரமும் வருஷக்கணக்கில் பட்டால் அது கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடிக்கும். அதை அடைத்திருக்கும் உலோகக் கூடு சிதறி, உயிரைக் காக்கவேண்டிய பையே ஓட்டுபவரின் கழுத்தையும் முகத்தையும் கிழிக்கும். உலகம் முழுவதும் சுமார் பத்துக் கோடி ஏர்பேகுகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2017-இல் அந்த நிறுவனம் திவாலானது. இந்தியாவிலும் லட்சக்கணக்கான வண்டிகள் இதற்காக அழைக்கப்பட்டன.

நம்மில் பல வீடுகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பிரான்சில் இதனால் நடந்த மரணங்களில் பெரும்பாலானவை பாரிஸிலோ லியோனிலோ நடக்கவில்லை. வெயிலும் ஈரமும் மிகுந்த கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளில் நடந்தன. ரெயூனியனிலும் குவாதலூப்பிலும் நம் வம்சாவளியினர் எத்தனை பேர்! 2025 ஜூனில் பிரான்சின் ரேன்ஸ் நகரத்துப் பக்கம் ஒரு பெண் பழைய சித்ரோயன் காரில் இப்படி இறந்த பிறகுதான், அந்த ஏர்பேக் உள்ள சித்ரோயன் சி3, டிஎஸ்3 கார்களை நாடு முழுவதும் உடனே ஓட்டாமல் நிறுத்தச் சொன்னார்கள். வெயில் பிரதேசத்தில் இறந்தவர்களின் கணக்கு பாரிஸின் காதில் விழ இவ்வளவு காலம் ஆயிற்று. அங்கே உள்ள பிள்ளைகளிடம் பேசும்போது சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதோடு, அந்தப் பழைய காரின் ஏர்பேகை மாற்றியாயிற்றா என்றும் கேளுங்கள்.

இப்போது நம் சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அது அதிகாரம் தருகிறது. அதன்கீழ் 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. வரவேற்கிறேன். ஆனால் விதியைப் படித்தால் இரண்டு பூட்டுகள் தெரிகின்றன.

முதல் பூட்டு, வயது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்த ஏற்பாடு. தகாட்டா ஏர்பேகால் அமெரிக்காவில் முதல் மரணம் நடந்தது 2009-இல். அந்தக் கார் 2001-ஆம் ஆண்டு மாடல். எட்டு வயது! மெல்லக் கெடும் பொருளின் குறை வெளியே தெரியும் வேளையில் நம் சட்டம் கடையைக் கட்டிவிட்டிருக்கும். ஓய்வூதியக்காரன் ஏழு வருஷத்துக்கு ஒரு கார் மாற்றுவானா? கிராச்சுவிட்டியில் வாங்கிய ஒரே காரைப் பதினைந்து வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்கள் நாம். நமக்கு வேண்டிய சட்டம் நம் வண்டிக்கு வரும்போது காலாவதி ஆகிவிடுகிறது.

இரண்டாவது பூட்டு, எண்ணிக்கை. வருஷத்துக்கு 500 வண்டி விற்கும் மாடல் என்றால் நூறு புகார் வேண்டும். விற்பனை அதிகமான மாடல்களுக்கு அது ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதுவும் உரிமையாளர்கள் அரசின் இணையதளத்தில் முறையாகப் பதியவேண்டும். நண்பரின் “பிரேக் செக்” ஜாப் கார்டை நினைத்துப் பாருங்கள். ஒன்றே பதிவாகாத இடத்தில் ஆயிரம் எப்படிச் சேரும்? ஒரே கோளாறு ஆயிரம் வீடுகளில் ஆயிரம் தனித்தனி முணுமுணுப்பாக இருக்கும். அமெரிக்காவில் 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகம் அதற்குப் பெரிய காரணம். அங்கே ஒருவர் புகார் செய்தால், அவர் பெயரை மறைத்து, புகாரை எல்லாரும் படிக்கும்படி அரசே வெளியிடுகிறது. விசாரணை தொடங்க இத்தனை தலை வேண்டும் என்ற வரம்பு இல்லை. நம்மிடம் தலையை எண்ணுகிறார்கள்.

நான்காவது வாக்கியம்: “வயசாயிடுச்சு.”

இது கிழவர்களுக்கு மட்டுமான வாக்கியம் அல்ல. பெண் ஓட்டினால் “லேடீஸ் டிரைவிங்”, இளைஞன் ஓட்டினால் “ஸ்பீடு”, கிழவன் ஓட்டினால் “வயசு”. வண்டியைத் தவிர மற்ற எல்லார்மேலும் பழி உண்டு. 2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோரின் மரணத்துக்கு அதிவேகம் காரணம் என்று அரசின் அறிக்கை வகைப்படுத்துகிறது. வேகம் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. ஈசிஆரில் பறக்கும் வண்டிகளைப் பார்த்தவன் யாரும் மறுக்கமாட்டான். ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து பிறக்கிறது? போலீஸின் முதல் தகவல் அறிக்கையிலிருந்து. விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஒரு சான்று கொடுப்பார். நான் பார்த்த அத்தகைய சான்றுகளில் எல்லாம் கடைசி வரி ஒரே அச்சில் வார்த்ததுதான்: இயந்திரக் கோளாறினால் விபத்து நேரவில்லை. நசுங்கிப்போன வண்டியை, கருவி எதுவும் இல்லாமல், ஸ்டேஷன் வாசலில் வைத்துப் பார்த்து இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்லமுடியும்?

சொந்தக் காருக்குப் பதிவு பதினைந்து வருஷம் செல்லும். அதற்கிடையில் அதன் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் அரசு சார்பில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பார்ப்பதெல்லாம் புகைச் சான்றிதழ். பிரான்சில் கார் நான்கு வயதை எட்டியதும் முதல் பரிசோதனை, பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பரிசோதிக்கும் நிலையம் ரிப்பேர் வேலை செய்யக்கூடாது என்பது அங்கே விதி. குறை சொல்பவருக்கு அந்தக் குறையால் வருமானம் இருக்கக்கூடாது என்ற எளிய அறிவு அது.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். நம்மூரில் ஒரு காலத்தில் நடைமுறையில் இருந்த கோத் சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு “வீஸ் கஷே” பற்றிப் பேசுகிறது. ஒளிந்திருக்கும் குற்றம் என்று தமிழில் சொல்லலாம். விற்ற பொருளில் வெளியே தெரியாத குற்றம் இருந்து, அதனால் பொருள் பயன்படாமல் போனாலோ, தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டார் என்ற அளவுக்கு மதிப்புக் குறைந்தாலோ விற்றவர் பொறுப்பு. எனக்கே தெரியாது என்று தொழிலாக விற்பவர் சொல்லித் தப்பமுடியாது என்பது அங்குள்ள நீதிமன்றங்களின் நெடுநாள் நிலை. நம் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் ஆங்கிலேயர் வழியில் வந்தது. வாங்குபவனே பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்பதில் தொடங்கி, அப்புறம்தான் விதிவிலக்குகளை அடுக்குகிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரை வாங்குபவன் எந்தக் கண்ணால் பார்ப்பான்?

நல்லவேளையாக நம் நீதிமன்றங்களும் இதை உணரத் தொடங்கிவிட்டன. விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு காரின் வழக்கில், முன்பக்கம் போதிய விசையோடு மோதவில்லை என்று நிறுவனம் வாதாடியது. வேகம், விசை என்று பௌதிகக் கணக்குப் போடும் நிபுணராக வாடிக்கையாளர் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கமுடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, வாடிக்கையாளர் பக்கமே தீர்ப்பளித்தது.

எல்லாப் புகாரும் நியாயமானதா என்று கேட்பீர்கள். இல்லை. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஆயில் மாற்றாமல் ஓட்டிவிட்டு என்ஜினைக் குறை சொல்பவர் உண்டு. விலை குறைவென்று போலி பிரேக் பேடு போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டுபவர் உண்டு. விசாரித்தால் அவை தானாக உதிர்ந்துவிடும். பத்தில் மூன்று பொய்யாக இருக்கலாம் என்பதற்காகப் பத்தையும் குப்பையில் போடுவது விசாரணை ஆகாது.

அரசு செய்யவேண்டியது மூன்று. ஏழு வருஷ வரம்பை எடுக்கட்டும். சாலையில் ஓட அனுமதி உள்ள வண்டிக்குத் திரும்ப அழைக்கும் சட்டமும் பொருந்தவேண்டும். வரும் புகார்களை மாடல் வாரியாக எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதவேண்டும் என்று விதி போடட்டும். மூன்றாவதற்குச் செலவு ஒரு வரி மை.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. வாயால் சொல்லாதீர்கள், எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர், எந்த வேகம், என்ன நடந்தது என்று ஒரு தாளில் தமிழிலேயே எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகார் முழுதாக ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியின் பதினேழு எழுத்து சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் உங்கள் வண்டி திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். பேரப்பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்வார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்று டயரின் வயதை மறக்காதீர்கள்.

அப்படியும் வழி பிறக்கவில்லையா? நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

நம் தலைமுறைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: “எதுக்கு வம்பு?” அந்தக் கேள்வியை நம்பித்தான் நான்கு வாக்கியங்களும் பிழைக்கின்றன. நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு தாள் நம் வண்டியை மட்டும் காப்பதில்லை. அதே மாடலை வைத்துக்கொண்டு, அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தனக்குத்தான் பிரமை என்று நினைத்துச் சாவியைப் பூட்டி வைத்திருக்கும் எங்கோ ஒருவருக்கும் அது சாட்சி. பென்ஷன் நிலுவைக்காக எத்தனை மனு எழுதியிருக்கிறோம்! கை பழகியதுதான். இதையும் எழுதுவோம்.